கூப்பு ரோட்டில் ஒரு நாள் நடை: குழுவை அழைத்துப் போகிறவருக்கு ஒரு முழு வழிகாட்டி

காட்டில் மரம் வெட்டி இறக்குவதற்காகப் போட்ட பாதைக்குக் கூப்பு ரோடு என்று பெயர். கூப்பு என்றால் வெட்டுக்கென்று அளந்து ஒதுக்கிய காட்டுப் பகுதி. வெட்டு நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆனபிறகும் பாதை மட்டும் கிடக்கும். நடுவில் புல் முளைத்திருக்கும், ஓரத்தில் முள் அடைத்திருக்கும், இருந்தாலும் ரோடு என்று தெரியும். முதன்முதலாகக் காட்டுக்குள் நடக்க வருகிறவர்களை இங்கேதான் கூட்டிப்போக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அகலமான பாதை, மெதுவான ஏற்றம், இரண்டு பேர் அருகருகே பேசிக்கொண்டே நடக்கலாம்.

நானும் அதை நம்பி ஒருமுறை 11 பேரைக் கூட்டிப் போனேன். ஒரு பிரிவில் இரண்டு பேர் வேறு பக்கம் போய்விட்டார்கள். அதை நாங்கள் கவனித்ததே அரை மணி நேரம் கழித்துத்தான். கண்டுபிடிக்க மேலும் ஒன்றரை மணி நேரம் ஆனது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் அன்று மாலை கீழே வந்து சேர்ந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த இரண்டு பேரும் அசட்டையான ஆட்கள் இல்லை. இருந்த இரண்டு பாதைகளில் அகலமானதில் போனார்கள், அவ்வளவுதான். ஊருக்குள் அது சரியான முடிவு. கூப்பு ரோட்டில் அகலமான பாதை என்றால் அங்கே கடைசியாக லாரி வந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

இந்தப் பாதை மரம் இறங்குவதற்குப் போட்டது, ஆள் எங்கேயும் போய்ச் சேருவதற்குப் போட்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

முதலில் பாதையின் குணம்

ஓர் ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நூறு ஓடைகள், அவை சேர்ந்து பத்துக் கால்வாய், கடைசியில் ஒரே ஆறு. கூப்பு ரோடும் அப்படித்தான். மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கிளைப்பாதை போய், மரத்தை அடுக்கி ஏற்றிய ஒரு திடலில் முடியும். கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு தாய்ப்பாதையாகி, அறுவை ஆலைக்கோ பெரிய சாலைக்கோ இறங்கும். தண்ணீருக்குப் பதில் தடி ஓடியது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. மேலே ஏறும்போது பாதை பிரிந்துகொண்டே போகும், ஒவ்வொரு பிரிவிலும் தப்பு நடக்கலாம். தப்பான கிளையில் போனால் அது எங்கும் இணையாது, ஒரு திடலில் சட்டென்று நின்றுவிடும். அங்கிருந்து காட்டைக் குறுக்கே வெட்டிப் போகத்தான் மனம் சொல்லும், போகக் கூடாது. கீழே இறங்கும்போது எல்லாக் கிளையும் தாய்ப்பாதைக்கே வந்து சேரும் என்பதால் கொஞ்சம் நிம்மதி உண்டு. ஆனால் அந்த நிம்மதி ஒரே சரிவுக்குள் மட்டும்தான். முகட்டைத் தாண்டி அந்தப் பக்கக் கிளையில் இறங்கிவிட்டால், நீங்கள் வேறோர் ஆற்றில் இறங்கிவிட்டீர்கள் என்று பொருள். வண்டி நிற்கும் இடத்துக்கும் நீங்கள் வெளியே வரும் இடத்துக்கும் நடுவே ஒரு மலை நிற்கும்.

பாதையில் என்ன ஓடியது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடும் குதிரையும் இழுத்த வழிகள் குறுகலாகவும் சில இடங்களில் செங்குத்தாகவும் இருக்கும். ரயில் ஓடிய தடம் கிட்டத்தட்டச் சமதளம் மாதிரி. சாதாரண ரயில் எஞ்சினுக்கு 100 மீட்டர் தூரத்தில் 3 மீட்டர் ஏறுவதே பெரும் பாடு. காட்டு ரயில்களுக்கென்றே பல்சக்கரம் வைத்த எஞ்சினை உருவாக்கியவர் அமெரிக்கரான எஃப்ரைம் ஷே, காப்புரிமை வாங்கியது 1881இல். அந்த வகை எஞ்சின்கள் ஓடிய தடங்களில் ஏற்றமும் வளைவும் கூடுதலாக இருக்கும். எஞ்சினால் ஏறவே முடியாத இடத்தில் இழுவைச் சரிவு போட்டார்கள். 1907இல் ஓடத் தொடங்கிய கொச்சி சமஸ்தான வன டிராம்வேயில் இதைச் செய்தார்கள்: தடி ஏற்றிய பெட்டி இறங்கும் வேகமே, கம்பிவடத்தின் மறுமுனையில் காலிப் பெட்டியை மேலே இழுத்துவிடும். வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் ஒரு துண்டு இப்படிப்பட்ட சரிவாக இருந்தால், மெல்லிய ஏற்றத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அங்கே மூச்சு முட்டிவிடும்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கிடைத்தால் பழைய பதிப்பும் சேர்த்து. புதிய வரைபடத்தில் அழிந்துபோன கிளைப்பாதைகள் பழையதில் இருக்கும். பிறகு செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தைப் பாருங்கள். காட்டின் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு, அது சமஉயரக் கோட்டை ஒட்டியே வளைந்து வளைந்து போனால், பெரும்பாலும் பழைய கூப்பு ரோடுதான். ஒற்றையடிப் பாதை இத்தனை பொறுமையாக வளையாது, நேரே ஏறிவிடும்.

வரைபடத்தில் எல்லாப் பிரிவுகளையும் எண்ணி, வரிசையாக எண் கொடுங்கள். நீங்கள் நுழையப் போகாத கிளைகளுக்கும் கொடுக்க வேண்டும். எட்டுப் பிரிவுக்கு மேல் இருந்தால் புதிய குழுவுக்கு அந்த வழி வேண்டாம் என்பது என் கணக்கு. போய்வரும் தூரம் 12 முதல் 15 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். அப்புறம், போன வழியிலேயே திரும்புவதைக் குறைவாக நினைக்காதீர்கள். வட்டமாகச் சுற்றி வருவதுதான் அழகு என்று தோன்றும். ஆனால் வட்டத்தில் முக்கால்வாசி தாண்டியபிறகு பாலம் இல்லையென்றால் முழுத் தூரமும் திரும்ப வேண்டியிருக்கும். மேலும் ஒரே காடு காலையில் ஏறும்போது ஒரு முகத்தையும் மதியம் இறங்கும்போது இன்னொரு முகத்தையும் காட்டும்.

அனுமதி விஷயத்தில் ஊகம் கூடாது. நிலம் யாருடையது, உள்ளே போக எழுத்தில் அனுமதி வேண்டுமா, குழுவுக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு உண்டா, வழிகாட்டி கட்டாயமா, வேட்டைக்காலமோ காட்டுத்தீக் காலமோ என்று பூட்டி வைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் பொறுப்பான அலுவலகத்தில் கேளுங்கள். இன்னொரு கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அந்தச் சரிவில் இப்போது வெட்டு நடக்கிறதா? பழைய கூப்பு என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நட்ட மரம் வளர்ந்ததும் திரும்ப வருவார்கள், அதே ரோட்டில்தான் வருவார்கள்.

முன்கூட்டி ஒரு நடை

குழுவைக் கூட்டிப் போவதற்கு இரண்டு வாரங்களுக்குள், ஒரே ஒரு துணையுடன் முழு வழியையும் நடந்து பாருங்கள். இதைத் தவிர்க்க ஆயிரம் காரணம் கிடைக்கும். சென்ற ஆண்டு போனேனே, நண்பர் போன மாதம் போய்வந்தாரே என்றெல்லாம். கூப்பு ரோட்டில் ஒரு பெருமழை போதும், ஓடைநீரை ரோட்டுக்கு அடியில் கடத்தும் குழாய்ப் பாலம் அடைத்துக்கொண்டு ரோட்டையே அரித்துக் கொண்டுபோய்விடும். ரோடு உபயோகத்தில் இருந்த நாளில் அதைச் சுத்தம் செய்ய ஆள் இருந்தது. இப்போது இல்லை.

ஒவ்வொரு பிரிவிலும் நின்று, தாண்டியபின் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள். திரும்பி வரும்போது அந்த இடம் எப்படித் தெரியும் என்பது அதில்தான் இருக்கிறது. முன்னால் பார்த்து எடுத்த படம் இறங்கும்போது உதவாது. கொண்டை ஊசி வளைவுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். லாரி திரும்புவதற்காகவோ கிளைப்பாதைக்காகவோ வளைவின் நுனியிலிருந்து நேரே ஒரு பாதை நீண்டு போவது வழக்கம். இறங்கி வருகிற கால் வளையாமல் அந்த நேர்ப்பாதையில் போய்விடும். களைத்த கால் எப்போதும் நேராகத்தான் போக விரும்பும்.

தண்ணீர் எங்கே கிடைக்கும், போன் சிக்னல் எங்கே கடைசியாக இருக்கிறது, எங்கிருந்து ஒரு வாகனம் உள்ளே வர முடியும், மதியம் உட்கார நல்ல திடல் எது என்று எழுதிக்கொண்டால் இந்த நடை முடிந்தது.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் உபயோகத்தில் இருக்கிறது: 3 மைலுக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு 1 மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி.

14 கிலோமீட்டர் தூரம், மொத்தம் 480 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 48 நிமிடம், ஆக 3 மணி 36 நிமிடம். இது ஓய்வே எடுக்காமல் நடக்கிற, பழகிய ஒருவரின் கணக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் ஷூ கயிறு அவிழும், ஒருவர் படம் எடுப்பார், இன்னொருவர் புதர்ப்பக்கம் போய்வருவார், வழியில் விழுந்து கிடக்கும் மரத்தை ஒவ்வொருவராகத்தான் தாண்ட முடியும். அதனால் பாதியைக் கூட்டுங்கள்: 5 மணி 24 நிமிடம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம், சின்ன ஓய்வுகளுக்கு அரை மணி. கிட்டத்தட்ட 6 மணி 40 நிமிடம் வருகிறது. காலை 7:30க்கு நடக்க ஆரம்பித்தால் மதியம் 2:10க்குக் கீழே இருக்கலாம்.

அடர்ந்த மரத்தடியில் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே இருட்டு கட்டிவிடும். கணக்குப்படி கீழே வந்து சேரும் நேரத்துக்கும் சூரியன் மறையும் நேரத்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி இல்லையென்றால், வழியைச் சுருக்குங்கள் அல்லது சீக்கிரம் கிளம்புங்கள். திரும்பும் நேரம் என்று ஒன்றையும் முன்பே எழுதி வையுங்கள். அந்த நேரம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், உச்சிக்கு 200 மீட்டர் மிச்சம் இருந்தாலும் சரி.

ஆட்கள்

என் அனுபவத்தில் எட்டு முதல் பன்னிரண்டு பேர்தான் சரியான அளவு. நான்குக்குக் கீழே போனால், ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணை இருந்து, இரண்டு பேர் உதவிக்குப் போக ஆள் போதாது. பன்னிரண்டைத் தாண்டினால் முன்னால் போகிறவருக்குக் கடைசி ஆளின் குரல் கேட்காது.

வருகிறவர்களிடம் “நடப்பீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் நடப்பேன் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் கடைசியாக எப்போது ஒரே மூச்சில் 10 கிலோமீட்டர் நடந்தீர்கள், மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்குமா என்று கேளுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு, குளவிக் கடிக்கு ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மாத்திரை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் பாதி மறைத்துவிடுவார்கள். இன்ஹேலரோ ஒவ்வாமை ஊசியோ இருப்பவர் அதைப் பையின் எந்த அறையில் வைத்திருக்கிறார் என்பது இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பொறுப்புகள் போதும். முன்னால் போகிறவர் வழியைப் பார்ப்பார். கடைசியில் வருகிறவரை நாங்கள் ‘வால்’ என்போம். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. எதற்காக யார் நின்றாலும் வாலும் நிற்க வேண்டும். குழுவிலேயே நிதானமான, அனுபவமுள்ள ஆளை இங்கே போடுங்கள். பெரும்பாலான குழுக்கள் அவரை முன்னால் அனுப்பிவிட்டு, கடைசியில் நடக்க முடியாதவரையே வாலாக விட்டுவிடுகின்றன. எங்கள் குழு அன்று தொலைத்ததும் இதனால்தான். முழங்கால் வலியோடு மெல்ல வந்துகொண்டிருந்தவரைத்தான் வால் என்று சொல்லிவைத்திருந்தேன். அவருக்கும் எங்களுக்கும் நடுவே நடந்த எதையும் அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

பையில் என்ன

பெரிய பட்டியல் போட்டுப் பயமுறுத்த மாட்டேன். கணுக்காலைப் பிடித்து நிற்கிற, ஏற்கெனவே பழகிய ஷூ. புதுச் ஷூவைக் காட்டில் பழக்கக் கூடாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் 3. சமைக்கத் தேவையில்லாத, கையில் எடுத்துத் தின்னக்கூடிய சாப்பாடு, கூடவே ஒரு வேளைக்கு மிச்சம். மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை. முழுக்கால் சட்டை கட்டாயம், ஏனென்றால் வெயில் விழுகிற ரோட்டோரத்தில்தான் முள்ளும் காஞ்சொறியும் முதலில் வளரும். பகல் நடைதானே என்று யாரும் எடுக்காத பொருள் தலைவிளக்கு; ஆளுக்கு ஒன்று வேண்டும். போனின் வெளிச்சத்தை நம்பினால் உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் போனில் சார்ஜ் இருக்காது.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில். பையின் அடியில் இருக்கும் விசில் இல்லாததற்குச் சமம். ஆல்ப்ஸ் மலையில் பிறந்த அபாயக் குறி இது: ஒரு நிமிடத்துக்குள் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6 முறை. பதில் சொல்கிறவர் நிமிடத்துக்கு 3 முறை ஊதுவார். சில நாடுகளில் 3 முறை ஊதுவதே அபாயக் குறி. அதனால் கிளம்பும் முன் உங்கள் குழுவுக்கு எது என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

குழுவுக்குப் பொதுவாக முதலுதவிப் பை, அதில் அகலமான எலாஸ்டிக் கட்டுத்துணி, உண்ணி எடுக்கக் கூரான இடுக்கி, அலுமினிய மீட்புப் போர்வை ஒன்றிரண்டு. காகித வரைபடம், திசைகாட்டி. போனில் இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்த வரைபடம் இரண்டு பேரிடம், ஒரு பவர் பேங்க். சிக்னல் இல்லாத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்த்துவிடும் என்பதால் விமானப் பயன்முறையில் போட்டு வையுங்கள். அப்போதும் இருக்கும் இடத்தை அது காட்டும்.

கிளம்பும் காலை

ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள்: எந்த வழி, எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் யாரை அழைக்க வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். நேரம் சொல்லாவிட்டால் அவர் “இன்னும் கொஞ்சம் பார்ப்போமே” என்று இரவு பத்து மணிவரை தயங்கிக்கொண்டே இருப்பார்.

பிறகு எல்லோரையும் வட்டமாக நிறுத்தி ஐந்து நிமிடம் பேசுங்கள். நீளமாகப் பேசினால் யாருக்கும் நினைவில் நிற்காது. நான் சொல்வது மூன்றுதான். எந்தப் பிரிவு வந்தாலும் எல்லோரும் சேரும்வரை யாரும் அதைத் தாண்டக் கூடாது. பாதையை விட்டு விலகுகிறவர், என்ன காரணமாக இருந்தாலும், பையைப் பாதையில் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வழி தப்பிவிட்டது என்று தோன்றினால் நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊத வேண்டும்.

எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு, தலைகளை எண்ணுவதைவிட எண் சொல்ல வைப்பது நல்லது. ஆளுக்கு ஓர் எண். முதல் ஆள் ஒன்று என்றால் அடுத்தவர் இரண்டு என்பார். விடுபட்ட எண் யாருடையது என்பது உடனே தெரியும். தலைகளை எண்ணினால் பத்து இருக்கிறது, பதினொன்று இருக்க வேண்டும், யார் அது என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நடை

நன்றாக நடக்கிறவர்கள் முன்னால் ஓடுவதைத் தடுக்க ஒரு வழி: மெதுவாக நடக்கிறவரை வழிகாட்டிக்கு அடுத்த இரண்டாவது இடத்தில் வையுங்கள். அவர் வேகம்தான் குழுவின் வேகம். முதல் 20 நிமிடத்தில் ஒருமுறை நின்று சட்டையைக் குறைக்கவும் ஷூ கயிற்றைச் சரிசெய்யவும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு 50 நிமிடத்துக்கு ஒரு பத்து நிமிட ஓய்வு. கடைசி ஆள் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் அந்தப் பத்து நிமிடம் தொடங்குகிறது. அவர் வந்ததும் எல்லோரும் எழுந்து கிளம்பினால், அதிகம் ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது.

இனி ரோட்டைப் பற்றி. மலைச்சரிவில் போட்ட ரோட்டின் உள்பாதி மலையை வெட்டியது, வெளிப்பாதி வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பியது. பழைய ரோடுகளில் அந்த மண்ணுக்கு அடியில் தடிகளையும் கிளைகளையும் போட்டுத்தான் நிரப்பியிருப்பார்கள். அவை உளுத்துப்போனதும் மேலே புல் மூடிய வெளி ஓரம் உள்ளே வெற்றாக நிற்கும். காட்சி பார்க்க எல்லோரும் போய் நிற்பதும் அங்கேதான். நடப்பது எப்போதும் மலைப்பக்கமாக இருக்கட்டும். ரோட்டில் பிறைபோல விரிசல் தெரிந்தால் அதற்கு வெளிப்பக்கம் கால் வைக்காதீர்கள்.

ரயில் தடமாக இருந்தால் ஸ்லீப்பர் கட்டைகள் இன்னும் கிடக்கலாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் பிராஞ்ச் அண்ட் லிங்கன் என்ற தடி ரயில் 1948இல் நின்றது. அதன் தடத்தில் இன்று நடப்பவர்கள் கட்டைகளை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். நனைந்த கட்டை சோப்புப் போல வழுக்கும். கட்டைகளின் இடைவெளி ஓர் எட்டுக்கு நீளம் குறைவாகவும் அரை எட்டுக்கு அதிகமாகவும் இருக்கும், ஆகவே நடை தட்டுக்கெட்டுப் போகும். அவசரப்படாமல், முடிந்தால் கட்டைகளுக்கு நடுவே மண்ணில் கால் வையுங்கள்.

பாலங்களில் நான் கறார். நியூசிலாந்தின் பெர்சி பர்ன் மரப்பாலம் 1923இல் தடி ரயிலுக்காகக் கட்டியது. 36 மீட்டர் உயரம், 125 மீட்டர் நீளம். இன்று அது நடைவழியில் ஒரு புகழ்பெற்ற இடம். அதைப் பார்த்துவிட்டு எல்லாப் பழைய பாலமும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. அது பழுதுபார்த்துப் பாதுகாக்கிற பாலம். பெயரில்லாத காட்டுப் பாலத்தை யாரும் பார்ப்பதில்லை. மரம் வெளியிலிருந்து பார்க்கக் கெட்டியாகவும் உள்ளே தூளாகவும் இருக்கும். முன்கூட்டிப் போன நடையில் சந்தேகம் வந்த பாலத்தில் குழுவை ஏற்றாதீர்கள். கீழே இறங்கி ஓடையைக் கடக்க முடியுமா என்று பாருங்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் திரும்பிவிடுங்கள். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் கடந்துவிடுவார்கள் என்பது ஒரு கணக்கே இல்லை.

சேறு வந்தால் சுற்றிப் போகாமல் நடுவிலேயே மிதித்துப் போங்கள். ஆளாளுக்குச் சுற்றினால் பாதை அகன்று, பக்கத்தில் அப்போதுதான் எழுந்துவரும் கன்றுகள் மிதிபடும். புல்லுக்குள் துருப்பிடித்த கம்பிவடமும் இரும்பும் கிடக்கும். 1880களின் தொடக்கத்தில் ஜான் டால்பியர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ‘டாங்கி’ நீராவி எஞ்சின், ஓரிடத்தில் நின்றபடியே வடத்தால் தடியை இழுத்துச் சேர்த்தது. அந்த முறை பரவிய காடுகளில் வடங்களை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குழுவில் எல்லோரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரும்பை நினைவுக்காக எடுத்து வருவதும் வேண்டாம், பல இடங்களில் அது சட்டப்படி குற்றம்.

பெரிய அடிக்கட்டைகள் தென்பட்டால் நின்று பாருங்கள். சிலவற்றின் பக்கவாட்டில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், வாய் திறந்ததுபோல ஒரு வெட்டு இருக்கும். மரத்தின் அடி அகன்று பருத்திருக்கும் என்பதால், அந்த வெட்டில் பலகையைச் செருகி, அதன் மேல் நின்றுதான் இரண்டு பேர் ரம்பம் இழுத்தார்கள். எனக்கு இந்த நடையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நாம் காடு என்று நினைத்து நடப்பது அவர்கள் வெட்டி முடித்தபின் எழுந்த காடு. மரங்களெல்லாம் ஒரே வயது, ஒரே உயரம் என்பதைக் காட்டினால் குழுவில் பலர் அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் திடல் நல்ல இடம். உட்காரும் முன் மேலே பாருங்கள். காய்ந்த மரமோ தொங்கும் கிளையோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள். காற்று வீசும் நாளில் இது இரண்டு மடங்கு முக்கியம். வெட்டி அடுக்கிய தடிக்குவியல் இருந்தால் அதன் மேல் ஏறி உட்காரவோ கீழே நிழலுக்கு ஒதுங்கவோ யாரையும் விடாதீர்கள். ஒரு தடி உருண்டால் எல்லாம் உருளும். ரம்பச் சத்தம் கேட்டால் நின்று, வேலையாட்கள் உங்களைப் பார்த்துக் கை காட்டும்வரை காத்திருங்கள். விழும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். லாரி வந்தால் எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் நின்றால், கடைசி நொடியில் ஒருவர் குறுக்கே ஓடுவார்.

ஆள் குறைந்தால், அடிபட்டால்

எண் சொல்லும்போது ஒன்று விடுபட்டால் உடனே நில்லுங்கள். கடைசியாக முழு எண்ணிக்கை கிடைத்த இடம் எது? தொலைந்தவர் அதற்கும் இதற்கும் நடுவில்தான் பிரிந்திருக்கிறார். மற்றவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு பேர் அந்த இடம்வரை திரும்பிப் போய் விசில் ஊதி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆளுக்கொரு பக்கமாகத் தேடக் கிளம்புவதுதான் ஒருவர் தொலைந்ததை நான்கு பேர் தொலைந்ததாக மாற்றுகிறது. இப்படி ஒரு மணி நேரம் தேடியும் பதில் இல்லையென்றால், அல்லது தொலைந்தவர் சிறுவராகவோ நோயாளியாகவோ இருந்தால் அதற்கும் முன்பே, மீட்புக்கு அழைத்துவிடுங்கள். வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

அதிகம் நடப்பது கணுக்கால் சுளுக்கு. உட்கார வைத்துப் பாருங்கள். நான்கு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது எலும்பைத் தொட்டாலே கத்துகிறார் என்றால் முறிவு என்று எடுத்துக்கொண்டு, நடக்க விடாதீர்கள். மற்றபடி ஷூவோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, பையை வேறொருவர் வாங்கிக்கொண்டு, கையில் கம்பு கொடுத்துக் கூட்டி வரலாம். ஷூவைக் கழற்றினால் வீங்கிய கால் திரும்ப உள்ளே போகாது. நடக்கவே முடியாதவருக்கு அடியில் பைகளையும் சட்டைகளையும் போட்டு உட்கார வையுங்கள். அசையாமல் இருப்பவரின் சூட்டைக் காற்றைவிட வேகமாகத் தரை உறிஞ்சிவிடும். உதவிக்குப் போகிற இரண்டு பேர் இடத்தின் ஆயக்கூறுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, காகிதத்தில் எழுதி எடுத்துப் போக வேண்டும்.

இறக்கம்

இறங்கும்போது எல்லோருக்கும் வீடு நினைவுக்கு வந்துவிடும். வேகம் கூடும், பேச்சு கூடும், குழு நீண்டுவிடும். விபத்தும் வழி தப்புவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். காலையில் பிரிவுகளில் நின்றதுபோலவே இப்போதும் நில்லுங்கள். பின்னாலிருந்து வந்து சேரும் கிளைகள் கண்ணில் படாது என்பதால், உங்கள் எண்களையும் திரும்பிப் பார்த்து எடுத்த படங்களையும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வாருங்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வழிகாட்டி நுனியில் நின்று, வால் திரும்பும்வரை கை காட்ட வேண்டும்.

கீழே வந்ததும் கடைசி முறை எண் சொல்ல வையுங்கள். ஊரில் காத்திருப்பவரை அழைத்துச் சொல்லுங்கள். இதை மறந்து நேரே தூங்கப் போனதால் மீட்புக் குழுவைக் கிளப்பிவிட்ட ஆட்களும் உண்டு. முழங்கால் பின்பக்கம், இடுப்பு, அக்குள், காதோரம் என்று உண்ணி பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். வழியில் புதிதாக அரித்த ரோடோ உடைந்த பாலமோ பார்த்திருந்தால் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் படத்தோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் வரைபடத்திலும் அன்றைக்கே தேதி போட்டுக் குறித்துவிடுங்கள்; ஒரு வாரம் போனால் அது நான்காவது பிரிவா ஐந்தாவதா என்ற சந்தேகம் வந்துவிடும்.